இருளாண்டி அண்ணன் கால் வைக்காத தோட்டம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, வில்லா நாலின் பின்கட்டில் நின்று பிள்ளைகளின் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். இந்திய நம்பர் ஒன்றிலிருந்து குரல்செய்தி வந்தது. இளம்பெண்ணின் குரல். "நான் இருளாண்டி மக பேசுறேன். அப்பா நேத்துத் தவறிட்டாக. அவுக போன்ல இருக்குற நம்பருக்கெல்லாம் சொல்லிட்டு வாரோம். ஒங்க நம்பருக்கு மட்டும் பேரு போடல. யாருன்னு தெரியல. இருந்தாலும் சொல்லணும்ல."

இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். ஒரு சட்டைக் கையைக் கருக்கியது அப்போதா, அதற்குப் பிறகா தெரியாது. அதற்காக வீட்டு மேடத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் நினைவிருக்கிறது.

இந்தப் பக்கம் வீட்டுவேலை செய்யும் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வேனில் போகும்போது, "நீங்க எழுதுங்கக்கா, நீங்கதான் அவருக்கு ரொம்ப நெருக்கம்" என்று எல்லோருமாகச் சொன்னீர்கள். நெருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்ள என்னால் ஆகாது. நான் செய்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டுங்கள்.

அண்ணனுக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, வெயிலில் காய்ந்து கறுத்த ஆள். ஒரு தோட்டக் கம்பெனி அவரை எங்கள் காம்பவுண்டுக்கு அனுப்பியிருந்தது. இந்த வளைகுடா ஊரில், முசஃபாவுக்கு இந்தப் பக்கம் பதினொரு வில்லா, சுற்றி ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காகச் சுவர், ஒரே ஒரு கேட். நான் நுவரெலியாவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். அப்போது வில்லா ஏழில், அயர்லாந்துக்காரரான நோரா மேடத்தின் வீட்டில் வேலை. இருளாண்டி என்ற பெயர் மேடத்தின் வாயில் நுழையவில்லை. ஆண்டி என்று சுருக்கிக்கொண்டார். அவர்கள் ஊரில் அந்தப் பெயரில் நிறைய ஆண்பிள்ளைகள் உண்டாம். "நல்லவேள, முன்பாதியக் கூப்புடாம விட்டாக" என்று அண்ணன் சிரித்தார்.

மேடத்துக்குப் பூச்செடி என்றால் உயிர். ஊரிலிருந்து ஸ்வீட் பீ விதை கொண்டுவருவார். பாக்கெட்டில் மார்ச், ஏப்ரலில் விதைக்கவும் என்று போட்டிருக்கும். மேடம் அப்படியே செய்வார். மே மாதம் முதல் வாரத்தில் எல்லாம் வைக்கோலாக நிற்கும். இரண்டு வருஷம் இப்படி ஆனது. மூன்றாம் வருஷம் அண்ணன் மேடத்திடம் கேட்காமலேயே பாதி விதையை எடுத்து ஒளித்துவைத்து, அக்டோபரில் மோட்டார் ரூம் பின்னால் விதைத்தார். ஜனவரியில் ஒருநாள் மேடத்தைக் கைகாட்டி அழைத்துப் போய் நிறுத்தினார். ஆள் உயரத்துக்குப் பந்தல், முழுக்க ஊதாவும் ரோஸுமாகப் பூ. மேடம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். "பாக்கெட்டுக்கு இந்த ஊரு வெயிலு தெரியாதுன்னு சொல்லுத்தா" என்றார் அண்ணன் என்னிடம். நான் சொன்னேன். மேடம் அன்றிலிருந்து தோட்டத்தில் எதைத் தொட்டாலும் "ஆண்டியைக் கேட்டுவிட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்.

அண்ணனுக்கு ஆங்கிலம் கிடையாது, மேடத்துக்குத் தமிழ் கிடையாது. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

ஒரு ஜூன் மாதம் மேடம் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார். அவருடைய அம்மா படுக்கையில் விழுந்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் வில்லா நாலுக்கு வேலை மாறினேன். மேடம் போகும்போது அண்ணனும் அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போவதாகத்தான் பேச்சு. கம்பெனியில் டிக்கெட் போடுகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்குள் கம்பெனியின் கபீல், எல்லோருக்கும் விசா கொடுத்த அரபி முதலாளி, இறந்துபோனார். பிள்ளைகளுக்குள் சண்டை. அக்டோபரில் ஆபீஸைக் காலி செய்தார்கள். அலமாரியில் இருந்த பாஸ்போர்ட்டுகள் யார் கையில் போயின என்று யாருக்கும் தெரியவில்லை. விசாவும் முடிந்தது. கூட இருந்த மற்றவர்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள். அண்ணன் மட்டும் கேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டார்.

வில்லாக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. புல்தரை பச்சையாக இருந்தது, அண்ணனுக்குச் சாப்பாட்டுக்கு ஏதோ கொடுத்தார்கள், மோட்டார் ரூமில் கட்டில் போட்டுக்கொள்ள விட்டார்கள். வெளியே போனால்தான் ஆபத்து. ரோட்டில் போலீஸ் பத்தாகா, அடையாள அட்டை, கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. கேட்டுக்கு நேர் எதிரே பக்காலா, சின்ன மளிகைக்கடை. அதன் பிரிட்ஜில் என்ன ஜூஸ் இருக்கிறது என்பதுகூட உள்ளிருந்தே தெரியும். அந்தக் கடைக்கு அவர் மூன்றே முக்கால் வருஷம் போகவில்லை. சாயங்காலம் சுவரை ஒட்டி உள்ளேயே சுற்றிச் சுற்றி நடப்பார். வாட்ச்மேன் கான் பாய், "பாய், ஆஜ் கித்னா சக்கர்?" என்று, இன்றைக்கு எத்தனை சுற்று என்று கேட்பார். அண்ணன் விரல்களைக் காட்டுவார். பல்வலி வந்து முகம் வீங்கியபோதுகூட வெளியே போகவில்லை. நான் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தேன். என்னைக் கேட்டால், நான் மட்டும் என்ன பெரிய சுதந்திரம்? என் பாஸ்போர்ட்டும் வீட்டு மேடத்தின் அலமாரியில்தான். ஆனால் எனக்கு வாரத்தில் ஒருநாள் அந்த கேட் திறந்தது.

அடுத்த மே மாதம் நோரா மேடம் எனக்குப் போன் செய்தார். அம்மா வீட்டின் பின்னால் தோட்டம் போடுகிறாராம், ஆண்டியிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டுமாம். இங்கே எல்லோரும் பேசும் அந்த வீடியோ ஆப்பில் மூன்று பேரையும் சேர்த்தேன். நான் அடுக்களையில். அண்ணன் தோட்டத்து மூலையில், பச்சை வலைப் பந்தலுக்குள், நாற்றுத் தொட்டிகளுக்கு நடுவே. மேடம் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஆண்டி! ஊருக்குப் போய்விட்டாயா? உன் சொந்தத் தோட்டமா இது?" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணன் பின்னால் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பிறகு, "ஆமான்னு சொல்லு" என்றார்.

சொன்னேன். அவ்வளவுதான். அந்த ஒரு 'ஆமா'வுக்குப் பிறகு மூன்று கோடைகாலம் நாங்கள் இரண்டு பேரும் அதிலிருந்து வெளியே வர முடியவில்லை.

மேடத்துக்குக் காலை பதினொரு மணி என்றால் நமக்கு மதியம் இரண்டு. வீட்டுக்காரர்கள் தூங்கும் நேரம், வெளிவேலைக்கும் ஓய்வு நேரம். அந்த வெயிலில் அண்ணன் பந்தலுக்குள் சட்டை நனைந்து ஒட்ட உட்கார்ந்திருப்பார், பின்னால் சுவர் தெரிந்துவிடாதபடி செம்பருத்தியை இழுத்து வைத்துக்கொண்டு. பேச்சு நீண்டு மூன்றரை தாண்டி, பாங்கு சொல்லும் நேரம் நெருங்கினால் முடிக்கப் பார்ப்பேன். ஒரே பள்ளிவாசலின் சத்தம் இரண்டு போனிலும் ஒன்றாகக் கேட்டால் மேடம் என்ன நினைப்பார்? கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுவேன்.

அங்கே எப்படி மழை என்று மேடம் கேட்பார். அவர்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி. அண்ணனுக்கு மழையைப் பற்றிச் சொல்ல என்ன தெரியும்? பிறந்தது முதுகுளத்தூர், பிழைப்பது பாலைவனம். நான்தான் எங்கள் தோட்டத்து மழையை எடுத்துக் கொடுப்பேன். காலையில் மூடுபனி, பத்து மணிக்கு வெயில், பதினொன்றுக்குத் தூறல், பிற்பகலில் நனைத்துவிட்டுப் போகும் ஒரு பெருமழை என்று அடித்துவிடுவேன். மேடம் ஆச்சரியப்படுவார். "அப்படியே எங்கள் ஊர் மாதிரி இருக்கிறதே!"

ஒருநாள் அந்த மழையைக் காட்டச் சொல்லிவிட்டார். நான் என் கேமராவை அணைத்து, "சிக்னல் சரியில்லை மேடம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினேன். அண்ணன் பாதாம் மரத்தடிக்கு நாற்காலியை மாற்றினார். நான் ஸ்டூலில் ஏறி ஹோஸ் பைப்பை மரத்துக்குள் பிடித்தேன். இலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் அண்ணன் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எவ்வளவு மென்மையான மழை" என்றார். போனை வைத்த பிறகு நாங்கள் சிரித்த சிரிப்பில் கான் பாய் ஓடிவந்துவிட்டார். சிரித்து முடித்ததும் அண்ணன் ஈரச் சட்டையைப் பிழிந்துகொண்டே, "நல்லாத்தான்த்தா இருந்துச்சு" என்றார்.

அவருடைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவரே கோபித்துக்கொள்வார். முதல் வருஷம் கொடி பீன்ஸ் எப்படி நடுவது என்று மேடம் கேட்டதற்கு, நாம் இங்கே செய்வதைச் சொல்லிவிட்டார். பள்ளம் பறித்து, வட்டப்பாத்தி கட்டி, பாத்திக்கு நடுவில் செடி. தண்ணீர் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது. மேடம் அச்சுப் பிசகாமல் செய்தார். ஆறுநாள் விடாமல் மழை. ஒவ்வொரு பாத்தியும் ஒரு குட்டிக் குளம். வேர் அழுகி எல்லாம் போனது.

படத்தைப் பார்த்துவிட்டு அண்ணன் என் மேல் பாய்ந்தார். "மழக்காட்டுல பொறந்தவ நீ. பள்ளத்துல நட்டா அழுகிப் போகும்னு ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்ண்ணே."

"பெறகு ஏன் சொல்லல?"

"நீங்க சொன்னத அவங்ககிட்ட சொல்றதுதானே என் வேல. என்னைய யாரு கேட்டா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அடுக்களை வாசலுக்கு வந்து நின்று, "சரி, ஒங்க ஊர்ல எப்புடி நடுவாக? சொல்லு" என்றார். மேடு கட்டி அதில் நடுவோம், பக்கத்தில் கான் வெட்டித் தண்ணீரை ஓடவிடுவோம் என்றேன். தண்ணீரைத் துரத்திவிடுவதற்கு ஒருவன் மண்வெட்டி பிடிப்பான் என்பதை அவரால் ஒப்புக்கொள்ளவே முடியவில்லை. மறுநாள் மேடத்திடம் அவரே, "தப்பு என்னோடது. மேட்டுல நடுங்க" என்று சொல்லச் சொன்னார். மேடம் மறுபடி விதைத்தார், வந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் போனைத் திறந்தால் முதலில் தெரிவது மேடத்தின் ஊர் வானிலைதான். மே, ஜூன் மாதத்தில் அந்த ஊருக்கு ஒரு நிலை கிடையாது. காலையில் சட்டையைக் கழற்ற வைக்கும், மத்தியானம் ஆலங்கட்டி போடும். அதை மணிக்கு மணி பார்ப்பார். "இந்த ஊர்ல என்னத்தப் பாக்க? நாளைக்கும் வெயிலு, நாளைக் கழிச்சும் வெயிலு" என்பார். நமக்கு மே மாதம் என்றால் பெட்டூனியாவைப் பிடுங்கிக் குப்பையில் போடும் மாதம். அதே நேரத்தில் அங்கே மேடம் நாற்றைப் பகலில் வெளியே வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்து, பத்து நாள் பழக்கி நடுவார். கையில் பிடுங்கிய செடியோடு நின்றுகொண்டே அண்ணன் என்னிடம் கேட்பார், "இன்னைக்கி எத்தன மணி நேரம் வெளிய வச்சாகளாம்?"

உறைபனிக்கு அறிகுறி என்ன என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் பக்கம் தை மாதத்தில் பனி விழுந்து கொழுந்து கருகிப் போகும். மழை விட்டு, மேகம் கலைந்து, காற்றும் நின்றுவிட்டால் பயப்பட வேண்டும். ஒரு மே மாதக் கடைசியில், அங்கே எல்லோரும் இனிக் குளிர் இல்லை என்று நடவை முடித்துவிட்டார்கள். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "மேடத்தக் கூப்புடு, வெரசா" என்றார். வானம் வெளுத்துவிட்டது, காற்று பூஜ்யம், சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் மூடச் சொல் என்றார். மேடம் பழைய போர்வை, திரைச்சீலை, அம்மாவின் சால்வை என்று கிடைத்ததையெல்லாம் போட்டு மூடினார். மறுநாள் படம் அனுப்பினார். பக்கத்து வீட்டு பீன்ஸ் கறுத்துத் தொங்கியது. மேடத்தினுடையது பச்சையாக நின்றது. "என் ஆண்டி ஆசியாவிலிருந்து சொன்னான் என்று தெரு முழுக்கச் சொன்னேன்" என்று எழுதியிருந்தார். அந்தப் படத்தை அண்ணன் பதினொரு வில்லா ஓட்டுநர்களிடமும் காட்டினார். அந்த வாரம் முழுக்க நடையே வேறாக இருந்தது.

மேடத்தின் நிலைமையும் அவருக்குப் புரிந்தே இருந்தது. அம்மாவைத் தனியே விட்டு மேடத்தால் கடைக்குக்கூடப் போக முடியாது. அம்மா கூப்பிட்டால் கேட்கும் தூரம்வரைதான் தோட்டம். மழை பிடித்தால் அதுவும் இல்லை, ஜன்னலில் நின்று பார்க்கலாம். "அவுகளும் உள்ளதான்த்தா கெடக்காக. நம்ம சேதி அவுகளுக்குத் தெரியாது, அவ்வளவுதான்" என்றார் ஒருமுறை.

நாலாவது கோடையின் தொடக்கத்தில் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். விசா முடிந்தவர்கள் அபராதமில்லாமல், தடையில்லாமல் ஊருக்குப் போகலாம். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் அதற்குப் பதிலாகத் தூதரகத்தில் அவுட் பாஸ் வாங்க வேண்டும். நமக்கெல்லாம் உதவி செய்யும் அந்த மலையாளி அண்ணனைப் போனில் பிடித்தேன். ஊரிலிருந்து அனுப்பிய ரேஷன், வாக்காளர் அட்டைகளில் அண்ணனுக்கு ஒரு பெயர், ஏஜென்ட் எடுத்துக் கொடுத்த பாஸ்போர்ட்டில் கொஞ்சம் மாறிய வேறு பெயர். பழைய பாஸ்போர்ட்டின் காப்பியோ நம்பரோ இருந்தால் உடனே வேலை முடியும் என்றார் மலையாளி அண்ணன். எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. கேட் பாஸ் எடுக்க நோரா மேடம் எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் காப்பி எடுத்து ஒரு நீல பைலில் வைத்திருந்தார். எதையும் தூக்கிப் போடும் ஆளில்லை அவர்.

"அண்ணே, மேடத்துக்கிட்ட இருக்கும். கேட்டுறவா?"

"வேணாம்."

"ஏண்ணே?"

"நான் ஊருலல்ல இருக்கேன். ஊருல இருக்கவனுக்கு எதுக்கு அவுட் பாஸு?" சொல்லும்போது சிரிக்கவில்லை.

"அப்ப உண்மையச் சொல்லிருவோம்."

"சொன்னா பாவம்னு பேசுவாக. பாவம்னு பேச எனக்கு ஆயிரம் பேரு இருக்காக. 'என்ன செய்யட்டும் ஆண்டி'ன்னு கேக்க அவுக ஒருத்தருதான். வேற வழி பாப்போம்."

வேறு வழி பார்த்தோம். பழைய கபீலின் மகனுக்குப் போன் செய்தோம், எடுக்கவில்லை. ஊரில் ஏஜென்ட் செத்துப்போயிருந்தார். அறிவித்த நாட்களில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் நடக்காதவர் மாதிரி மேடத்தோடு வாராவாரம் பேசி, பீன்ஸுக்குக் கம்பு நடச் சொன்னார், நத்தைக்குச் சாம்பல் தூவச் சொன்னார். கடைசிப் பத்து நாள் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு மத்தியானம் அண்ணனைச் சேர்க்காமல் தனியாக மேடத்தைக் கூப்பிட்டேன்.

இங்கேதான் நீங்கள் கவனித்துப் படிக்க வேண்டும். உண்மையைச் சொல்ல வேண்டிய அவசியமே அன்றைக்கு இருக்கவில்லை. 'ஊரில் ஆண்டியின் பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது, புதிது எடுக்கப் பழைய நம்பர் வேண்டும், உங்கள் நீல பைலில் இருக்கிறதா' என்று கேட்டிருந்தால் போதும். மேடம் சந்தேகப்பட்டிருக்கவே மாட்டார். போன் அடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொய் என் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் மேடம் எடுத்து, "கலா, நீ எப்படி இருக்கிறாய்?" என்று கேட்டார். மூன்று வருஷமாக இரண்டு பேருடைய பேச்சைச் சுமந்தவளிடம், அன்றைக்குத்தான் அவர் என்னைப் பற்றிக் கேட்டார். நான் உடைந்துபோனேன். கேட், சுவர், மோட்டார் ரூம், ஹோஸ் பைப்பு மழை, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன். அவருக்காகத்தான் சொன்னேன் என்று இவ்வளவு நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழுசாக உண்மையில்லை. எனக்கு இறக்கிவைக்க வேண்டியிருந்தது, இறக்கிவைத்துவிட்டேன்.

அரைமணி நேரத்தில் காப்பி வந்துவிட்டது. அடுத்த நாள் மேடம் மூன்று பேரையும் சேர்க்கச் சொன்னார்.

மேடம் அழுதுகொண்டே இருந்தார். பாவம் ஆண்டி, பாவப்பட்ட மனுஷன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நீ இருக்கும் இடத்தைக் காட்டு என்றார். அண்ணன் எழுந்து போனைத் திருப்பி, அதுவரை மறைத்துவைத்த சுவரைக் காட்டினார், மோட்டார் ரூமைக் காட்டினார், கட்டிலைக் காட்டினார். சாப்பாடு உண்டா, யாராவது அடித்தார்களா, வக்கீல் வேண்டுமா என்று மேடம் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அண்ணன் என்னிடம், "பீன்ஸு கம்புல ஏறிருச்சான்னு கேளு" என்றார்.

கேட்டேன். "கடவுளே, இந்த நிலைமையில் இருக்கிறவரிடம் போய் என் பீன்ஸைப் பற்றிப் பேசுவேனா? இத்தனை நாள் தொந்தரவு செய்ததே தப்பு" என்றார் மேடம். அத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தையும் கூட்டாமல் குறைக்காமல் நான் மொழிபெயர்த்தது அதைத்தான். எனக்குக் கூட்டவும் குறைக்கவும் தோன்றவில்லை.

சாயங்காலம் அண்ணன் அடுக்களை வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "எத்தன பொய்யி சொன்ன நீ. மழையவே பேய வச்சவ. எனக்காக இன்னும் ஒரு பொய்யி சொல்லத் தெரியலையா ஒனக்கு?" என்றார். கத்தவில்லை. அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வேலை வேகமாக முடிந்தது. அவுட் பாஸ் வந்தது, டிக்கெட் வந்தது. ஒரு ஜூன் மாதக் காலையில் மலையாளி அண்ணன் காரோடு வந்தார். அண்ணன் ஒரு பையோடு கேட்டுக்கு வந்து, கான் பாயைக் கட்டிப்பிடித்தார். ஓட்டுநர்களுக்கெல்லாம் கை கொடுத்தார். நான் எலுமிச்சைச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அதை வாங்கிக் கான் பாயிடம் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் காரில் ஏறினார். பக்காலாவில் நிறுத்திக் கடைக்குள் போய் ஒரு ஜூஸ் வாங்கிக் குடித்ததை கேட்டிலிருந்தே பார்த்தேன். பிறகு கார் போய்விட்டது.

தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பினேன், பொங்கலுக்கு அனுப்பினேன். பார்த்திருந்தார், பதில் இல்லை. நோரா மேடமும் இந்த ஏப்ரலில் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். எடுக்கவில்லை.

செய்தி வந்த அன்று மாலையே மகளைத் திருப்பிக் கூப்பிட்டேன். கலா என்றதும், "ஓ, நீங்கதானா அது" என்றாள். எப்படி நடந்தது என்று கேட்டேன். அண்ணன் ஊருக்குப் போன நாளிலிருந்து காலையில் எழுந்ததும் நடக்கக் கிளம்பிவிடுவாராம். ஒரு வேலையும் இல்லாமல் ரோட்டைப் பிடித்து நடப்பது, மூன்று ஊர் தாண்டிப் போய், அங்கே யார் கடையிலாவது உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்புவது. "அம்மா வையும், எங்க போறன்னு சொல்லிட்டாவது போகக் கூடாதான்னு. 'எங்கயும் இல்ல, சும்மா'ம்பாக." அன்றைக்கும் அப்படி ஒரு டீக்கடை பெஞ்சில்தான், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே சாய்ந்திருக்கிறார்.

தோட்டம் ஏதாவது போட்டாரா என்று கேட்டேன். "ஒரு செடி நடலக்கா. மம்பட்டியவே தொடல."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்று கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது. "ஒருநா அம்மா கேட்டுச்சு, அந்தப் பேப்பரு வாங்கிக் குடுத்த பிள்ளைக்கு ஒரு போனு போட்டுக் குடுங்க, நான் கும்புட்டுக்கிறேன்னு. அப்பா தட்ட அப்புடியே வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாக."

நோரா மேடத்திடம் நான்தான் சொன்னேன். அங்கே மழை பெய்யும் சத்தம் போனில் கேட்டது. "நான் அவனிடம் பீன்ஸைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும், இல்லையா?" என்றார். ஆமாம் மேடம் என்றேன். அவரிடம் இனிப் பொய் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இருப்பது அவருடைய கோபம் ஒன்றுதான். அது நியாயமான கோபம், எனக்கு வர வேண்டியதுதான். ஆனால் இதையும் நினைத்துப் பார்க்கிறேன். இந்தச் சுவருக்குள் இருந்தவரை அவரால் என்னோடு இரண்டு நாளுக்கு மேல் பேசாமல் இருக்க முடிந்ததில்லை. பேசுவதற்கு வேறு யார் இருந்தார்கள்? ஊரில் பதினொரு மாதம், மூன்று ஊர் நடந்து, இஷ்டப்பட்ட கடையில் உட்கார்ந்து, இஷ்டப்பட்டவர்களோடு பேசி, என்னோடு மட்டும் பேசாமல் இருந்துவிட்டுப் போயிருக்கிறார். என்னை வேண்டாம் என்று தள்ளிவைக்கும் அளவுக்கு அவருக்கு ஆட்கள் இருந்தார்கள், ரோடு இருந்தது. அந்தக் கோபத்தை நான் பத்திரமாக வைத்திருப்பேன். அண்ணனை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் மாட்டேன்.